நெடுந்துறைப் பெட்டி

இந்த மாசியிலும் பெட்டி திறக்காவிட்டால் சீனியம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டியது. பங்காளிகள் வேப்பமரத்தடியில் கூடி, வெற்றிலை போட்டு, நிதானமாகப் பேசி எடுத்த முடிவு அது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவள் திருப்பிக் கத்தியிருப்பாள்.

பெட்டி என்றால் சாமிப் பெட்டி. உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் அவர்கள் குலசாமிக்குச் சிலை கிடையாது. ஓர் இரும்புப் பெட்டிதான் சாமி. உள்ளே சாமியின் பட்டும் சலங்கையும் வெள்ளிப் பிரம்பும் இருக்கும். சிவராத்திரி அன்று காலையில் நாலு பேர் நாலு பக்கமும் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, பூசாரி கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே தனியாக உட்கார்ந்து பெட்டியைத் திறப்பார். அவர் துணிமணியை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஊர் கோயிலுக்குக் கிளம்பும். பெட்டியின் உட்புறத்தை ஊரில் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை, பூசாரி கண் உட்பட. மற்ற நாட்களில் பெட்டிமேல் சிவப்புத் துணி கிடக்கும். மூடியின் நட்டநடுவில், துணியில் வெட்டிவிட்ட இடைவெளியில், சாமியின் நெற்றிப் பொட்டு மட்டும் தெரியும். சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகி உளுந்தவடைப் பருமனுக்கு இருக்கும் அது. அதற்கு மேலே குங்குமம் தூவலாம். தொடக்கூடாது. சாமி நெற்றியில் கை வைக்கிற பேச்சு அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு வாயில் வராது.

சீனியம்மாள் கல்யாணமாகி வந்த வருஷம் கார்த்திகையில், மாமனார், பூசாரி முத்திருளனைப் பருத்திக்காட்டில் பாம்பு தீண்டிவிட்டது. வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரமில்லை. அவர் அரைஞாணில் தொங்கிய பெட்டிச் சாவியை மகன் கருத்தக்கண்ணன் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டான்.

அடுத்த மாசியில் அவன் திரைக்குள் உட்கார்ந்தான். பெட்டியின் முன்முகத்தில் பூவேலை செய்த தகட்டுக்கு நடுவே இருந்த துவாரத்தில் சாவி நுழைந்தது. திரும்பவில்லை. அதற்கடுத்த மாசியிலும் திரும்பவில்லை. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். கிடா நேர்ந்துகொண்டார்கள். பூட்டை உடைப்போம் என்று மட்டும் யாரும் வாயெடுக்கவில்லை. சாமியின் விலாவை எவன் உடைப்பான்?

"பொட்டி வாயை மூடிக்கிட்டது எப்ப? இந்தப் புள்ள வீட்டுக்குள்ள கால் எடுத்து வச்ச பெறகு," என்றான் நல்லகாமன். கருத்தக்கண்ணனுக்குப் பெரியப்பன் மகன், பங்காளிகளில் மூத்தவன். "நான் பொல்லாப்பாச் சொல்லலை தம்பி. சாமிக்குப் பிடிக்கலை. அம்புட்டுத்தான்."

"அப்ப நானும் அவ கூடவே போறேன். பூசாரித்தனத்தை நீயே வச்சுக்கண்ணே," என்றான் கருத்தக்கண்ணன்.

கூட்டம் சிரித்தது. "பயல் பொட்டிச் சாவியப் பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சுட்டான்டோய்!" என்று யாரோ சொன்னார்கள்.

அன்று அவன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. சீனியம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். தன்னோடு வந்துவிடுவான்தான். ஆனால் மாசி வரும்போதெல்லாம் அவன் முகம் எப்படி இருக்கும்? சாமியை விட்டுவிட்டு வந்த பூசாரியோடு எத்தனை காலம் குடித்தனம் பண்ண முடியும்?

தைப் பொங்கலுக்குப் பேயாண்டி ஊருக்கு வராமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பேயாண்டி கருத்தக்கண்ணனுக்குச் சேக்காளி. தெற்கே நெடுந்துறைத் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி ஏற்றுகிறவன்.

"மாப்ள, சொன்னா நம்ப மாட்ட. அங்க ஒல்லாந்துக்காரன் கட்டுன பழைய பங்களா ஒண்ணு இருக்கு. அதை இப்ப மியூசியம்னு ஆக்கி வச்சிருக்காங்க. அந்தக் காலத்துச் சாமானெல்லாம் கிடக்கும். மழைக்கு ஒதுங்கினேன். உள்ளார நம்ம சாமி உக்காந்திருக்கு."

"என்னடா உளர்ற?"

"சத்தியமா மாப்ள! அதே இரும்பு, அதே பட்டை, முன்னால அதே பூத்தகடு. துணியும் இல்லை, பொட்டும் இல்லை. அப்புறம்..." பேயாண்டி குரலைத் தாழ்த்தினான். "மூடி தெறந்து கிடக்குது. நான் கண்ணப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

சாணம் தட்டிக்கொண்டிருந்த சீனியம்மாள் சாணிக் கையோடு எழுந்து வந்தாள். "தெறந்து கிடக்குதுன்னா, யாரோ தெறந்திருக்காகல்ல? போய்க் கேப்போம் மாமா."

பழங்காநத்தத்தில் சித்தி வீட்டுக் காதுகுத்து என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மாமியார் ஒச்சாயிக்குச் சந்தேகம்தான். கேட்கவில்லை. கட்டுச்சோற்றில் ஒரு துண்டு கருவாடு கூடுதலாக வைத்துக் கட்டினாள். உசிலம்பட்டியில் ரயிலேறி மதுரை, மதுரையில் மாறித் தெற்கே, அப்புறம் புழுதி பறக்க ஒரு மோட்டார் பஸ். மறுநாள் காலை நெடுந்துறையில் இறங்கியதும் சீனியம்மாள் தெருவின் கோடியில் வானம் தரையில் இறங்கி நிற்பதைப் பார்த்தாள்.

அது வானமில்லை என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. அது அசைந்தது. மூச்சு விட்டது. வானம் பார்த்த பூமியில், கண்மாய் நிறைந்தாலே பொங்கல் வைக்கிற ஊரில் பிறந்தவள் அவள். தன்னையறியாமல் கை கூப்பினாள்.

கருத்தக்கண்ணன் கரையில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினான். "எம்புட்டுத் தண்ணி! ஒரு சொட்டு பருத்திக்கு ஆகாதேடி!"

மியூசியம் கடலைப் பார்த்து நின்றது. யானை படுத்த மாதிரிச் சுவர். வாசலில் யாரும் சொல்லாமலே இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார். குடுமி, கோட்டு, மூக்குக் கண்ணாடி. அவர்தான் காப்பாளர் கல்யாணராமன்.

"வாங்கோ, வாங்கோ! மழைகூடப் பெய்யலையே, எப்படி உள்ள வந்தேள்?"

"பாக்க வந்தோமுங்க. உசிலம்பட்டிப் பக்கம்."

"உசிலம்பட்டியா!" மனிதர் முகம் சுடர்விட்டது. "நான் வடக்காவணி மூலவீதிப் பிள்ளை! மதுரைத் தமிழ் காதுல விழுந்து எத்தனை நாளாச்சு! இந்த ஊர்ல இதைப் பாக்கன்னே வந்தவா நீங்கதான் மொதல். மத்தவா எல்லாம் வெயிலுக்கு வரா, மழைக்கு வரா, ஒருத்தர் பொண்டாட்டிக்குப் பயந்துண்டு தினம் வரார்."

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கை அகல ஓடுகளில் நீலச் சாயத்தில் தீட்டிய காற்றாடி வீடுகள், உறைந்த ஆற்றின்மேல் சறுக்கும் பிள்ளைகள். ஆறு எப்படி உறையும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் கருத்தக்கண்ணன், "தண்ணிமேல நடக்குறாகளா?" என்று வாய் பிளந்தான். முத்துச் சலிக்கிற பித்தளைச் சல்லடைகள் பெரிய துளையிலிருந்து கண்ணுக்கே தெரியாத துளை வரை வரிசையாக இருந்தன. கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பலில் நூல்நூலாகப் பாய்மரக் கயிறு ஓடியது. அதன் தளத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். "நிஜக் கப்பல்ல ஆறேழு மாசம் தண்ணியிலயே வந்திருக்கா. வழியிலயே பாதிப்பேர் போயிடுவா," என்றார் கல்யாணராமன். சீனியம்மாள் அந்த நக அளவு மனிதனையே பார்த்தாள். இவனுக்கும் ஒரு தாய்வீடு இருந்திருக்கும்.

சுவரோரம் ஆளுயரக் கருங்கல் ஒன்று சாய்ந்து நின்றது. மேலே மண்டையோடு, அதன் கீழே பூமாலை, அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"கல்லறைக் கல். இருபத்திரண்டு வயசுப் பொண்ணு," என்று அவர் விரலால் தடவி வாசித்தார். "கப்பல்ல வந்து, இங்க கல்யாணம் பண்ணிண்டு, இங்கயே போயிட்டா. 'திரும்பிப் போகாதவள்' அப்படீன்னு புருஷன் வெட்டி வச்சிருக்கான்."

சீனியம்மாளுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். ஒருத்தி கடல் கடந்து வந்து புருஷன் ஊரிலேயே கல்லாகிவிட்டாள். ஒருத்தி நாலு கண்மாய் தாண்டி வந்து, அங்கே இருக்க இடமில்லாமல் நிற்கிறாள். சீனியம்மாள் அந்தக் கல்லின் பூமாலையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அடுத்த அறையிலதான் என் செல்லப்பிள்ளை இருக்கு," என்று கதவைத் தள்ளினார் கல்யாணராமன்.

பேயாண்டி பொய் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், மரமேடைமேல், அவர்கள் சாமி உட்கார்ந்திருந்தது. மூடி திறந்து, அம்மணமாக.

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். கருத்தக்கண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சீனியம்மாள் மடியிலிருந்த கற்பூரத்தைக் கையால் தேடினாள்.

"ஐயையோ, கற்பூரம் மட்டும் ஏத்திடாதீங்கோம்மா! மேல எல்லாம் மர உத்தரம்!" கல்யாணராமன் பதறினார். "இதென்ன கூத்து? அத்தனை தூரத்துலேர்ந்து பாக்க வந்துட்டு, ரெண்டு பேரும் கண்ணை மூடிண்டா நான் யாருக்குக் காட்டறது?"

விழுந்து கிடந்தபடியே கருத்தக்கண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி, சாவி, இரண்டு மாசி, பங்காளிகள், சீனியம்மாள். கல்யாணராமன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க பெட்டி எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லிப்பா?"

"வைகை வெள்ளத்துல மெதந்து வந்துச்சுங்க."

"இரும்புப் பெட்டியா?"

"உள்ளார சாமி இருக்குல்ல?"

"அது சரி. ஆனா வைகை கடலைப் பாத்துன்னா போறது? கடல்லேர்ந்து உங்க ஊருக்கு எப்படி மிதந்து வரும்?" என்றவர், தானே தலையில் தட்டிக்கொண்டார். "திருவேடகத்துல சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்து ஏறலையா? எதிர்நீச்சல் போட்டு வந்திருக்கு. நான் என்னத்தைக் கண்டேன்? எந்த வண்டியில, எந்தக் கையில ஏறி வந்ததுன்னு சொல்ல எங்கிட்ட ஒரு சாட்சியும் இல்லை."

சீனியம்மாள் கண்ணை மூடியபடியே யோசித்தாள். பார்த்தால் குற்றமா? பார்க்காமல் போனால் எதற்கு வந்தோம்?

"மாமா, இதுக்குப் பொட்டு இருக்கா?"

"பேயாண்டி இல்லைன்னானே."

"பொட்டு வைக்காத வரைக்கும் இது சாமி இல்லை மாமா, வெறும் பொட்டி. நம்ம சாமிக்குக் கூடப்பொறந்ததுன்னு வேணா வச்சுக்க. நான் பாக்கப் போறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். எப்படியும் அனுப்பத்தானே போறாக?"

கண்ணைத் திறந்தாள்.

மூடியின் உட்புறம் முழுவதும் பூட்டாக இருந்தது. பளபளக்கும் எஃகுத் தகட்டில் இழை இழையாகச் சித்திரம் வெட்டியிருந்தார்கள். இடுப்புக்குமேல் பெண்ணும் கீழே மீனுமாக இரண்டு பேர் கூந்தலை விரித்து ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். அவர்களைச் சுற்றி இலையும் கொடியும் ஓடின. தகட்டின் நாலு விளிம்பிலும் இரும்பு நாக்குகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. தேள் கூட்டம் ஒன்று நகராமல் காத்திருப்பதுபோல இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவள் புருஷன் வீட்டார் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டது இதைத்தானா? இவ்வளவு அழகையா இருட்டில் வைத்திருந்தோம்? சாமி இல்லை என்று சொல்லிவிட்டாளே தவிர, கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"மாமா, கண்ணத் தெற. தெற மாமா."

அவன் திறந்தான். அவன் கண்ணில் நீர் கோத்தது.

கல்யாணராமன் மூடியை மெல்லச் சாத்தினார். எல்லா நாக்கும் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்து விளிம்பைக் கவ்வின. அந்தச் சத்தம் சீனியம்மாளின் காலடியிலிருந்து தலை வரை போயிற்று. நூறு சலங்கை ஒரே ஒரு முறை தரையில் விழுந்ததுபோல.

"இப்பத் திறக்கணும். எங்க திறப்பேள்?"

கருத்தக்கண்ணன் முன்முகத்துப் பூத்தகட்டைக் காட்டினான். "இந்தா இருக்கே ஓட்டை."

"அது திருடனுக்கு வச்சது." கல்யாணராமன் கண் சிமிட்டினார். "கப்பல்ல எவனாவது திருட வந்தா அங்க குடைஞ்சுண்டே கிடக்கட்டும்னு. பின்னால ஒண்ணுமே கிடையாது."

"ரெண்டு மாசியா நான் திருடன் வாசல்லயா உக்காந்திருந்தேன்?" கருத்தக்கண்ணன் சிரித்தான். பாதியில் சிரிப்பு அழுகையாக மாறியது. அதை மறைக்கத் துண்டால் முகம் துடைத்தான். "அப்ப நிச வாசல் எங்கங்க?"

காப்பாளர் விரல் மூடியின்மேல் நகர்ந்தது. வரிசை வரிசையாக உருண்டைத் தலை ஆணிகள். நட்டநடுவிலிருந்த ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளினார். அது நகர்ந்தது. அதன் கீழே துவாரம்.

அவர் சாவியை மேலிருந்து நட்டு, இரண்டு கையாலும் திருப்பியதைச் சீனியம்மாள் சரியாகப் பார்க்கவில்லை. அந்தச் சலங்கைச் சத்தம் மறுபடி எழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடத்தை மட்டும்தான்.

"மாமா," என்றாள். "அங்கதானே நம்ம சாமிக்குப் பொட்டு?"

கிளம்பும்போது கல்யாணராமன் வாசல் வரை வந்தார். "உங்க பெட்டியை ஒரு தரம் பாக்கணும் போல இருக்கு. வரலாமோ?"

"தாராளமா வாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு வரணும்," என்றாள் சீனியம்மாள். அவர் சிரித்த சிரிப்பில் கூரைக் கப்பல் லேசாக ஆடியது.

ரயில் விருதுநகர் தாண்டியதும் கருத்தக்கண்ணன், "சாமி நெத்தியில சாவிய விடுறதாடி?" என்றான். "அங்க ஓட்டை இல்லாமப் போச்சுன்னா? பொட்டை அழிச்ச பூசாரின்னு என்னையும் உன்னையும் சேத்துத் தொரத்துவாக. அது கூடப் பரவாயில்லை. எங்கப்பன் கும்பிட்ட பொட்டுடி அது."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவராத்திரி காலையில் பெட்டி வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. கருத்தக்கண்ணன் கண்ணைக் கட்டிக்கொள்வதற்கு முன், நடந்ததைச் சொன்னான். சொல்லாமல் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. முற்றத்தில் தேன்கூட்டில் கல் விழுந்ததுபோல் ஆயிற்று.

"என்னது, சாமி நெத்தியத் தொடப் போறியா?" நல்லகாமன் முன்னால் வந்தான். "நம்ம சாமி வைகையில மெதந்து வந்தது. ஒல்லாந்துக்காரன் பங்களாப் பொட்டிக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"மெதந்து வந்ததுன்னா எங்கிட்டு இருந்தாச்சும் கெளம்பியிருக்கணும்ல மச்சான்?" என்றாள் சீனியம்மாள், பெண்கள் நடுவிலிருந்து. இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். நல்லகாமனின் முகம் கறுத்தது.

"பேச்சு இருக்கட்டும். இவன் அப்பன் தொட்டானா அந்தப் பொட்டை? ஒருத்தராச்சும் கண்டதுண்டா? சொல்லுங்க!"

யாரும் கண்டதில்லை.

அப்போது ஒச்சாயி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா, சந்தனம் கேக்கலையே நீ?" என்றாள்.

"என்ன சந்தனம்?"

"உங்கப்பன் திரைக்குள்ள போகுமுன்ன எலுமிச்சம்பழம் தண்டிக்குச் சந்தனம் அரைச்சுத் தாடிம்பாரு. வருசா வருசம் நான்தானே அரைச்சுக் குடுத்தேன்? உள்ள கொண்டு போவாரு, வெறுங்கையோட வருவாரு. நீ ரெண்டு வருசமா கேக்கவே இல்லை. புதுப் பூசாரிக்கு மொறை வேற போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்." அவள் நல்லகாமனைப் பார்த்தாள். "பொட்டி தெறக்கச் சந்தனம் எதுக்குய்யா? தெறந்து முடிச்சு, அழிச்ச பொட்டைத் திரும்ப வைக்கத்தானே?"

அந்த வீட்டில் வாழ்ந்த அத்தனை வருஷமும் ஒச்சாயி அரைத்த சந்தனம் எல்லோருடைய மனதிலும் உருண்டு வந்து நின்றது. நல்லகாமன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அரைங்க அப்ப," என்றான். பிறகு திரை வேட்டியின் ஒரு முனையைத் தானே போய்ப் பிடித்துக்கொண்டான்.

சந்தனத்தைச் சீனியம்மாள்தான் அரைத்தாள். ஒச்சாயி கல்லை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் மட்டும் தெளித்தாள். உருட்டிய சந்தனத்தைக் கருத்தக்கண்ணனின் உள்ளங்கையில் வைத்தபோது அவன் கண் ஏற்கெனவே கட்டியிருந்தது. அவன் விரல்கள் அவள் விரலை ஒரு கணம் விடாமல் பிடித்தன. திரை மூடியது.

முற்றத்தில் குழந்தைகூட அழவில்லை. காய்ந்த பொட்டு உடைகிற சின்ன ஓசை கேட்டது, வடு மாங்காய் கடிபடுவதுபோல. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆணி நகர மறுக்கிறதோ? ஆணியே இல்லையோ? சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டுக்குள் அந்த மீன்பெண்கள் கூந்தலை விரித்து ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். தெறங்கடியம்மா, என்றாள் மனசுக்குள். உங்க கூடப்பொறந்தாளுகளைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

சத்தம் எழுந்தது. நூறு சலங்கை ஒரே ஒரு முறை விழுந்த அதே சத்தம். திரைபிடித்த நாலு பேரும் அதிர்ந்து ஒரு அடி பின்வாங்கினார்கள். குலவை வெடித்தது. உறுமி முழங்கியது. நல்லகாமன் வேட்டி முனையை விடாமல், கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டே நின்றான்.

பட்டும் சலங்கையும் வெள்ளிப் பிரம்பும் ஒவ்வொன்றாகத் திரைக்கு வெளியே வந்தன. பட்டு கையில் எடுத்த இடத்தில் பொடிந்தது. அதிலிருந்து பழைய குங்கும வாசம் வந்தது. அதற்கும் அடியில், சீனியம்மாளுக்கு மட்டும் தெரிந்த உப்புக்காற்றின் வாசம். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

கடைசியாகக் கருத்தக்கண்ணன் வெளியே வந்து கட்டை அவிழ்த்தான். வெளிச்சத்தில் கண் கூச, கூட்டத்துக்குள் அவளைத் தேடினான். விரல்களில் ஈரச் சந்தனம் ஒட்டியிருந்தது.

"சத்தம் கேட்டுச்சாடி?"

"நெடுந்துறை வரைக்கும் கேட்டிருக்கும்," என்றாள் சீனியம்மாள். "கல்யாணராமய்யரு தூக்கத்துலருந்து முழிச்சிருப்பாரு."

நல்லகாமன் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினான். "ஏம்மா சீனி," என்றான், முகத்தைப் பார்க்காமல். "பட்டு பொடிஞ்சு போச்சு. சாமிக்குப் புதுப்பட்டு எடுக்கணும். மதுரைக்கு நீயும் வரணும். நெறம் பாக்க எங்களுக்குத் தெரியாது."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கடல் நெறத்துல எடுப்போம் மச்சான்," என்றாள்.